இறங்குதுறை விளிம்பில் என் மகளின் சிவப்புக் கார்

இன்று காலை என் மகள் ஓட்டிய கார் கடலை நோக்கிப் போயிற்று!

மெய்யாகவே சொல்கிறேன், உறவுகளே. இறங்குதுறையிலிருந்து வந்ததும் வராததுமாக எழுதுகிறேன்.

எழுத்துப் பிழை இருந்தால் இன்று ஒருநாள் பொறுத்தருள்க. (நாளை முதல் வழக்கம்போல நானே உங்கள் பிழைகளைத் திருத்துவேன்.)

மகள் யாழினிக்கு அடுத்த கிழமை ஆறு வயது நிறைகிறது. பிள்ளைகள் ஏறி அமர்ந்து ஓட்டும் சிறிய கார் ஒன்று வேண்டும் என்பது அவளுடைய ஓராண்டுக் கோரிக்கை. புதியது வாங்க எனக்கு வசதியில்லை. கொண்டச்சியில் ஒரு வீட்டில் பழையது கிடக்கிறது என்று கேள்வியுற்றுப் போனேன்.

முதல் அதிர்ச்சி அங்கேயே! காரின் இருக்கையில் ஒரு கோழி அடைகிடந்தது!

வீட்டுக்கார முஸ்லிம் நானா அமைதியாகச் சொன்னார்: "சேர், கார் உங்கடதான். கோழி எறங்குற வரைக்கும் கொஞ்சம் பொறுங்க."

"எப்ப இறங்கும்?"

"குஞ்சு பொரிச்ச பொறகு."

பதினொரு நாள் காத்திருந்தேன்! (அமைச்சர் வரும்வரை கூட்டத்தைத் தொடங்காதே என்றாலே கொதித்தெழுபவன் நான். ஒரு கோழிக்குப் பணிந்தேன்.)

வண்டி வீடு வந்தது. உப்புக் காற்று மின்கம்பிகளைத் தின்றிருந்தது. மின்கலம் வீங்கிச் செத்திருந்தது. முன் சில்லுகளைத் திருப்பும் இரும்புக் கம்பி முறிந்து தொங்கியது.

கழுவுவதும் சுரண்டுவதும் வண்ணம் பூசுவதும் என் பொறுப்பு. எந்திர வேலை, துணைவியின் தமையன் அன்ரன் பொறுப்பு.

அன்ரன் ஓலைத்தொடுவாயில் படகு எஞ்சின்கள் திருத்துபவர். பதினைந்து வயதில் கடலுக்குப் போனவர். சைக்கிள் ஓடக்கூடத் தெரியாது. படகென்றால் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவார்.

"மச்சான், இதுக்கு ஆறு வோல்ட் பற்றரி எண்டு எழுதிக் கிடக்கு" என்றேன்.

"ஆறு என்னத்துக்குக் காணும்? என்ர போட்டில லைற்றுக்கு வச்ச பன்ரெண்டு கிடக்கு. பிள்ளை நல்லாப் போகட்டுமன்!"

தலையாட்டினேன். (மின்னியலில் என் புலமை விளக்கின் ஆளியை அழுத்துவதோடு முடிவுறுகிறது.)

முறிந்த கம்பிக்குப் பதிலாகப் புதியதொன்றை வளைத்து, ஒட்டி, பொருத்தினார். காரின் பின்னால் குந்தியிருந்து கையை எட்டி நீட்டி, திசை திருப்பும் சக்கரப் பிடியை அங்குமிங்கும் ஆட்டிப் பார்த்தார்.

"திறமா வேலை செய்யுது மச்சான்!"

இன்று காலை வெள்ளோட்டம். ஓலைத்தொடுவாயில் எங்கும் மணல். சின்னச் சில்லு புதைந்துவிடும். கெட்டியான இடம் இறங்குதுறையின் சீமெந்துத் தளம் ஒன்றுதான். இடப்பக்கம் கடல். ஆனால் தளம் அகலமானது. நானும் பக்கத்திலேயே நடந்து போவேன் என்று எண்ணினேன்.

நடந்து போவதாம்!

யாழினி மிதியில் காலை அழுத்தினாள். கார் பாய்ந்தது! கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"உது காரோ, றொக்கெற்றோ!" என்று ஒருவர் கூவினார்.

நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். கார் மெல்ல இடப்பக்கம் சாய்ந்து போவதைக் கண்டேன்.

"யாழினி! வலப்பக்கம் திருப்பம்மா!"

திருப்பினாள். என் கண்ணால் பார்த்தேன். அந்தச் சின்னக் கைகள் பிசகில்லாமல் வலப்பக்கம் திருப்பின.

கார் இடப்பக்கம் போயிற்று!

"இன்னும் வலப்பக்கம்! இன்னும்!"

இன்னும் திருப்பினாள். கார் இன்னும் கடலுக்குத் திரும்பியது!

என்ன கொடுமை பாருங்கள். பிள்ளை சொல் கேட்கவில்லை என்றால் வையலாம். என் மகள் என் சொல்லைக் கேட்கக் கேட்கத்தான் கடலை நெருங்கினாள்! விளிம்பில் தடுப்பில்லை. கீழே ஆளுயரத் தண்ணீர். அவளுக்கு நீந்தத் தெரியாது.

பின்னாலிருந்து அன்ரன் அலறினார்: "இடத்தால திருப்பு பிள்ளை! இடத்தால!"

நான் வலம் என்கிறேன். அவர் இடம் என்கிறார்.

கார் நின்றது.

முன் சில்லுக்கும் விளிம்புக்கும் இடையில் ஒரு சாண்!

அவளை அள்ளித் தூக்கிக்கொண்டு அப்படியே தரையில் இருந்துவிட்டேன்.

மூச்சு வந்த பிறகு கேட்டேன்: "மச்சான், வலத்தால திருப்பினா ஏன் இடத்தால போகுது?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "வேற எங்கால போறது? எஞ்சின் பிடியை வலத்தால தள்ளினா போட் இடத்தால தானே போகும்!"

உறவுகளே, அவர் காரைத் திருத்தவில்லை. சில்லு வைத்த படகு ஒன்றைச் செய்திருக்கிறார்! பின்னாலிருந்து கையை நீட்டி ஆட்டிப் பார்த்தபோது, கடலில் முப்பது வருடம் பழகிய கைக்கு எல்லாம் சரியாகவே பட்டிருக்கிறது. அருகில் நின்று பார்த்த எனக்கும் உறைக்கவில்லை!

அதற்குள் துணைவி ஓடிவந்து சேர்ந்தாள். எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"ரெண்டு பேருமாச் சேர்ந்து என்ர பிள்ளையைக் கடல் தொழிலுக்கு அனுப்பினனீங்களோ?"



உண்மையான அதிர்ச்சி இதற்குப் பிறகுதான்.

மகளிடம் கேட்டேன்: "எப்பிடியம்மா நிப்பாட்டினனீ?"

"காலை எடுத்தன்."

"ஆர் சொல்லித் தந்தது?"

"ஒருத்தரும் சொல்லேல்லயே. நீங்கள் அங்கால எண்டீங்கள், மாமா இங்கால எண்டார். எனக்குப் பயமாக் கிடந்தது. காலைத் தூக்கிட்டன்."

எப்படிப் புறப்படுவது என்று காட்டினோம். எப்படித் திருப்புவது என்று காட்டினோம். ஹோர்ன் அடிக்கக்கூடக் காட்டினோம். நிறுத்துவது எப்படி என்று நானும் சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை!

அதைவிட ஒன்று. நாங்கள் இரண்டு ஆண்கள் அவ்வளவு நேரம் தொண்டை கிழியக் கத்தினோமே. "நில்" என்ற இரண்டெழுத்து எங்கள் இருவர் வாயிலும் ஒருமுறைகூட வரவில்லை!

உங்கள் பிள்ளையைச் சைக்கிளிலோ காரிலோ முதன்முதல் ஏற்றிவிட்டபோது, நீங்கள் முதலில் சொல்லிக்கொடுத்தது எதை?