வெண்மதியின் ஆட்டுத் தராசு

என் தையல் கடைக்கும் வெண்மதியின் தராசு ரிப்பேர் கடைக்கும் நடுவில் ஒரே சுவர்தான். செஞ்சியில் எந்தக் கடைத் தராசு மக்கர் செய்தாலும் அவளிடம்தான் வரும். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். ஒன்று பிடித்துப்போய்விட்டால் எதிராளிக்குத் தலை வலிக்கிறதா என்று பார்க்கவே மாட்டாள், பேசிக்கொண்டே போவாள். அந்த மாதம் முழுக்க ஒரு சிப்பைப் பற்றியே பேசினாள்.

ஆரம்பித்து வைத்தது தளவானூர் தனகோட்டி. ஆடு வளர்க்கும் பெண்கள் குழுவுக்குத் தலைவி. வெள்ளிக்கிழமைச் சந்தையில் வியாபாரி பீமாராவ் ஆட்டின் வயிற்றுக்கடியில் கை கொடுத்துத் தூக்குவார், உதட்டைப் பிதுக்குவார், ஒரு எடை சொல்வார். அதற்கு மேல் பேச்சில்லை.

"அவரு கை இன்னா தராசா? கடையில வாங்கன தராசுல ஆட்ட ஏத்துனா நம்பரு குதிக்குது. நீயே ஒண்ணு செஞ்சி குடு வெண்மதி," என்றாள் தனகோட்டி.

வெண்மதிக்குக் கேட்க வேண்டுமா! அன்றே என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, தராசு மேடைக்கு அடியில எடைய உணர்ற லோடு செல்லு இருக்குது இல்ல, அதுலருந்து ரெண்டு ஒயரு வருது. ரெண்டுலயும் ரெண்டரை வோல்ட். ஆடு ஏறுனா ரெண்டுக்கும் நடுவுல துளியூண்டு வித்தியாசம் வரும், மில்லிவோல்ட் கணக்குல. அதான் எடை. பொதுவா இருக்கறத தள்ளிட்டு, அந்த வித்தியாசத்த மட்டும் பெருசாக்கணும். அதுக்குத்தான் இன்ஸ்ட்ருமென்டேஷன் ஆம்ப்ளிஃபயர்னு ஒரு சிப்பு!"

"ஒண்ண வாங்கி மாட்டிடேன்டி," என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது. ஒரு சிப்பில் இரைச்சலே, அதாவது எண் துடிப்பதே, கிடையாதாம், ஆனால் ப்ளஸ், மைனஸ் என்று இரண்டு மின்சப்ளை கேட்குமாம். சந்தையில் இருப்பதோ ஒற்றை பேட்டரி. இன்னொன்று ஐந்து வோல்ட்டில் ஓடுமாம், ஆனால் வெயில் ஏறினால் எடையும் ஏறுமாம். மலைப் பாறையெல்லாம் காய்கிற இந்த ஊரில் அதை வைத்து என்ன செய்ய? கடைசியில் மூன்றாவதைப் பிடித்தாள். ஒற்றை சப்ளை போதும், சூட்டுக்கு அசையாது, இரைச்சல் மட்டும் கொஞ்சம் கூட.

"ஆடு எப்படியும் ஒரு எடத்துல நிக்காது. சராசரி எடுத்து மொபைல்ல காட்டப்போறேன். அதுலயே இரைச்சலும் அடங்கிடும்க்கா!"

கூரியர் வந்த அன்று அந்தச் சிப்பை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு குதித்தாள். முப்பது வயசுப் பொம்பளை! தராசு செய்து முடித்ததும் என் இஸ்திரிப் பெட்டி, துணி மூட்டை, கடைசியில் என்னையே அதில் ஏற்றிப் பார்த்தாள். எண் அசையாமல் நின்றது. என் எடையைத் தெருவுக்கே கேட்கும்படி படித்ததற்கு நான் திட்டியது தனிக்கதை.

வெள்ளிக்கிழமை குழுப் பெண்கள் எல்லோரும் ஆடுகளோடு சந்தைக்கு வந்துவிட்டார்கள். இன்று தராசு பொய் சொன்னால், இனி பீமாராவின் கைதான் தராசு. தனகோட்டி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். வெண்மதி சுவிட்சைப் போட்டாள்.

வெறும் மேடை. மொபைலில் பன்னிரண்டு கிலோ. பிறகு பதினொன்று. பத்தரை.

"இன்னாமா, ஆடு ஏறவே இல்ல, அதுக்குள்ள எளைக்குது?" என்றார் பீமாராவ். சந்தையே சிரித்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு கத்தரிக்கோல் கையில் இல்லாதது அவர் நல்ல நேரம்.

வெண்மதியின் முகம் செத்துப்போயிற்று. "தப்பான சிப்பு எடுத்துட்டேன்க்கா," என்று முணுமுணுத்தாள். உதிரியாக வைத்திருந்த இன்னொன்றை மாட்டினாள். அதுவும் அதே மாதிரி இறங்கிக்கொண்டே வந்தது.

"ரெண்டு சிப்பும் ஒரே பொய்ய சொல்லாதே..." என்றபடி பெட்டிக்குள் குனிந்தாள். நானும் குனிந்தேன்.

"ஏண்டி, அது இன்னாடி மஞ்சளா?"

"சந்தனம்க்கா. காலையில பூஜ போட்டேன். பொட்டி மேல வச்சா பூஜ தகரத்துக்குத்தானே போவும்? வேல செய்யறது சிப்பு. அதான் உள்ளயே வச்சேன்." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யய்யோ! ஈரம்!"

உளுந்து அளவு சிப்பில் பொட்டு நிற்குமா? வழிந்து, இரண்டு ஒயரையும் பற்றவைத்த இடத்தில் அப்பியிருந்தது. அந்த ஈரத்தின் வழியே கரண்ட் கசிந்திருக்கிறது. காயக் காய கசிவு குறைய, எண்ணும் இறங்கியிருக்கிறது. உலகத்துச் சிப்பையெல்லாம் சலித்து எடுத்தவள் செய்த வேலையைப் பாருங்கள்!

என் பையிலிருந்த புது லைனிங் துணியைக் கிழித்துக் கொடுத்தேன். ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள், ஊதினாள், மறுபடியும் துடைத்தாள்.

பூஜ்யம். அப்படியே நின்றது. வெயில் ஏறியும் நின்றது.

பீமாராவ் தனகோட்டியின் கிடாவைத் தூக்கினார். "பதினெட்டு."

கிடாவை மேடையில் ஏற்றினார்கள். துள்ளியது, கத்தியது, புழுக்கை போட்டது. எண் கொஞ்சம் தத்தளித்து இருபத்திரண்டில் உட்கார்ந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. பீமாராவ் நம்பாமல் தானே ஏறிப் பார்த்தார். எண் அவர் எடையைச் சரியாகக் காட்டியதும் இறங்கினார்.

அடுத்த ஆட்டுக்குப் பழக்கதோஷத்தில் குனிந்தார். தனகோட்டி அவர் கையை விலக்கினாள்.

"கைய எடுண்ணா. இனிமே நம்பரப் பாரு."

அவர் பார்த்தார்.

வெண்மதி சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்கே தெரியவில்லை. பூஜைக்கென்று எடுத்துவந்த கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தைத் தனகோட்டி விரலில் தொட்டு எடுத்ததும், பதறிப்போய் பெட்டியை மூடினாள்.

"பயப்படாத," என்று சொல்லி, தனகோட்டி அதை வெண்மதியின் நெற்றியில் வைத்தாள். "இங்க கசியாது."