தீபம் ஒட்டிய ஆறு மூட்டை

தேயிலைக்கு மருந்து அடிக்கும் வேலையில் என் கை வெடித்துப் புண்ணாகிக் கிடந்த வருடம், குடோன் ஆள் ஆறுக்குட்டி தன்னுடைய ரப்பர் கையுறையை என் கூடைக்குள் போட்டுவிட்டுப் போனார். சூப்பர்வைசர் பாலமுருகன் கேட்டபோது, "தொலைச்சுப் போட்டனுங்க" என்று திட்டு வாங்கிக்கொண்டு ஒரு மாதம் வெறுங்கையோடு மூட்டை தூக்கினார். என்னிடம் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

கேத்திப் பக்கத்துக்காரர். குன்னூருக்குக் கீழே எங்கள் எஸ்டேட்டில் பத்தொன்பது வருடம் உரக் குடோன் பார்த்தார். எங்களுக்கு உரம் எல்லாமே உப்புதான். அவர் மட்டும் விரலில் தேய்த்துப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் பெயர் சொல்வார். "எல்லாத்தையும் உப்புன்னா, நாளைக்கு ரசத்துலயும் போட்டுக்குவீங்களாக்கும்" என்பார்.

போன சித்திரையில் ஆறு மூட்டை வெள்ளை உப்பு வந்து இறங்கியது. மகள் கல்யாணத்துக்காக அவர் அப்போது லீவில் இருந்தார். மூட்டைக்கு ஒரு மஞ்சள் காகிதம் ஒட்டியிருந்தது. அதில் ஒரு வட்டம், அதன் மேல் சுடர், கீழே நாலு எழுத்து இங்கிலீஷ். மூட்டையில் வேறு எழுத்தே கிடையாது. குடோன் கூட்டப் போன என் கண்ணுக்கு அது விளக்காகத்தான் தெரிந்தது. மஞ்சளில் இருக்கும் தீபம் கால் மிதிபடும் இடத்தில் கிடக்கலாமா? கும்பிட்டுவிட்டு ஆறையும் கிழியாமல் உரித்தேன். ஒன்றை என் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினேன். மற்ற ஐந்தையும் எஸ்டேட் கொடுத்த லைன் வீடுகளில் இருக்கும் பெண்களுக்குக் கொடுத்தேன்.

ஆனியில் மழை பிடித்துக் குடோன் கூரை ஒழுகியது. மூட்டைகளை ஃபேக்டரி அடுப்பை ஒட்டிய விறகுக் கொட்டகைக்கு மாற்றச் சொன்னார் பாலமுருகன். ஆறுக்குட்டி கொஞ்சம் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"இது யூரியா இல்லீங்க. விறகுக்கிட்ட வெக்க வேண்டாமுங்க."

"உப்பு எங்கய்யா எரியும்?" பாலமுருகன் ஒரு சிட்டிகையைத் தகர மூடியில் போட்டு அடியில் தீக்குச்சி காட்டினார். ஒன்றும் ஆகவில்லை.

"அது தானா எரியாதுங்க. எரியற பொருளுக்கு மூச்சுக் குடுக்கும்."

சொல்லிவிட்டு, மரத்தூளை ஒரே அளவில் இரண்டு குவியலாக வைத்தார். ஒன்றில் உப்பைக் கலந்து இரண்டையும் பற்றவைத்தார். மழை ஈரத்தில் இரண்டுமே புகைந்து அணைந்தன.

"நல்லா மூச்சுக் குடுத்துச்சு போ" என்றார் பாலமுருகன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மூட்டைகள் கொட்டகைக்குப் போயின.

மாலையில் ஆறுக்குட்டி அதே மரத்தூளை வீட்டு அடுப்பில் காயவைத்து மறுபடி பார்த்திருக்கிறார். வெறும் தூள் கருகிக் கருகி ஊர்ந்திருக்கிறது. உப்புக் கலந்தது சீறிக்கொண்டு நொடியில் முடிந்திருக்கிறது. நிமிர்ந்தால் அடுப்படிச் சுவரில் மஞ்சள் காகிதம். யார் கொடுத்தது என்று அவர் சம்சாரம் சொல்லியிருக்கிறாள். விடிந்ததும் என் வாசலில் நின்றார்.

"ராமாத்தாக்கா, அது விளக்கு இல்லீங்க. தீக்கு மூச்சுக் குடுக்கற சரக்குன்னு போடற அடையாளமுங்க."

"ஆபீஸ்ல காட்டீருங்க தம்பி."

"காட்டுனா உரிச்சது யாருன்னு கேப்பாங்க. உங்களுக்கு வேலையும் போயிரும், ஊடும் போயிரும். ஆறு மூட்டைதானுங்க. அடுப்புப் பத்தவைக்கறதுக்குள்ள நானே எடுத்து வெளிய போட்டர்றேன்."

நான் தடுத்திருக்க வேண்டும். வீடு போனால் எங்கே போவது என்ற பயம் என் வாயை அடைத்துவிட்டது.

ஐந்து மூட்டை வெளியே வந்தது. ஆறாவது கிழிந்து விறகுச் செதிலில் கொட்டியிருந்தது. அதை அவர் அள்ளிக்கொண்டிருந்தபோது அந்தப் பக்கம் அடுப்பைப் பற்றவைத்தார்கள். பொறி விழுந்ததுதான் தெரியும். ஈரவிறகுகூட அன்று சீறிக்கொண்டு எரிந்தது.

அவரை ஈரச் சாக்கில் சுற்றி ஜீப்பில் ஏற்றினோம். அந்தக் கைகளைப் பார்க்க முடியாமல் முருகா முருகா என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றேன். ஜீப் மேட்டுப்பாளையம் போய்ச் சேரும் முன்பே அவர் உயிர் போய்விட்டது.

மறுவாரம் ஆபீஸில் போய் உள்ளதைச் சொன்னேன். வேலை போனது. அவர் என்னிடம் கேட்டுக்கொண்டது இரண்டு, ஒன்றைத்தான் செய்தேன். ஜீப் கிளம்பும் முன் கண்ணாலேயே என்னைக் கிட்டே கூப்பிட்டுச் சொன்னார்:

"கேட்டா, மழையில நனைஞ்சு உரிஞ்சு போச்சுன்னு சொல்லீருங்க அக்கா. அந்த மஞ்சக் காயிதத்தக் கொண்டுபோயி குடோன் கதவுல ஒட்டீருங்க."