பின்னால் போன பந்து

இன்று மொன்றியலுக்குப் பக்கத்திலுள்ள புவாண்ட்-கிளேரில் ஒரு பழைய சாமான் கடையில் மஞ்சள் பிளாஸ்ரிக் மடக்கு இருக்கையொன்றைக் கண்டேன். அதன் தட்டைத் தூக்கிக் கையை விட்டதும் எழுந்த 'டமார்' என்னை அப்பாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தது.

என் சின்ன வயதில், ஞாயிறு பூசை முடிந்ததும் நாங்கள் குடியிருந்த பார்க் எக்ஸ்டென்ஷனிலிருந்து மெட்ரோ பிடித்து, மொன்றியலின் பேஸ்போல் அணி ஆடிய அந்தப் பெரிய கான்கிரீட் அரங்குக்கு அப்பா என்னைக் கூட்டிப்போவார். பாதி இருக்கைகள் காலியாகக் கிடக்கும்; சோளப்பொரி மணக்கும்; சனம் கைதட்டுவதற்குப் பதிலாக அந்த மஞ்சள் இருக்கைகளின் தட்டைத் தூக்கி அடிக்க, அந்தச் சத்தம் கூரைக்கடியில் சுற்றிச் சுற்றி வரும். யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட் ஆடி வளர்ந்த அப்பா, மட்டையில் உரசிய பந்து பின்னால் பறந்தால் இருக்கையை அடித்து "நாலு!" என்று கத்துவார். பேஸ்போலில் அதற்கு ஓட்டமே கிடையாது. முன்னால் இருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் முதலில் திரும்பி முறைத்தார். சில ஞாயிறுகள் போக, அவரும் அதே பந்துக்கு அடிக்கத் தொடங்கினார், பிறகு அந்த வரிசையே அடித்தது. எதற்கென்று நினைத்து அடித்தார்களோ, இன்றுவரை எனக்குத் தெரியாது.

அணி வேறு நகரத்துக்குப் போய்விட்டது. புதிதாக ஒன்று வருமாம் என்ற பேச்சு மட்டும் அவ்வப்போது வந்து போகிறது. வந்தால் அந்தச் சத்தமும் கூட வருமா?

கடையிலிருந்தே அப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். "அப்பா, இது என்ன சத்தமெண்டு சொல்லுங்கோ பாப்பம்" என்று கேட்டு, தட்டைத் தூக்கிக் கையை விட்டேன்.



"நாலு!" என்று கத்தினார் அப்பா.