மூன்றாவது பெடல்

அந்த மெக்கானிக்கை எல்லோரும் ‘அப்புறம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஹாரன் அடிக்கவில்லை, கண்ணாடி ஆடுகிறது என்று எதைச் சொன்னாலும், துணியில் கையைத் துடைத்துக்கொண்டே “அப்புறம் பாத்துக்கலாம்” என்பார். அவரைச் சோம்பேறி என்று சொன்னால் சொன்னவர் வாய் அழுகிவிடும். இன்ஜினைப் பிரித்து உட்கார்ந்துவிட்டால் சோறு தண்ணி மறந்துபோகும் மனுஷன். பெரிய வேலைக்கு உயிரைக் கொடுப்பார், சின்ன வேலைதான் கண்ணில் படாது. அந்தச் சின்ன வேலைகள்தான் அவரை ஒரு கை பார்த்தன.

அவருக்கு முப்பத்தொரு வயதானபோது, அவரும் அண்ணனும் சேர்ந்துதான் பட்டறை நடத்தினார்கள். ஒருநாள் லாரி ஒன்றின் கியர்பாக்ஸை இறக்க வேண்டியிருந்தது. அண்ணன் அடியில் படுத்திருந்தார். ஜாக்கிக்குப் பக்கத்தில் முட்டுக் கொடுக்க ஒரு மரக்கட்டை வைப்பது வழக்கம்.

“கட்டை எங்கடா?” என்று அடியிலிருந்து கேட்டார்.

“அப்புறம் வெச்சுக்கலாம்ணே. இன்னும் ரெண்டு போல்ட்டுதான்.”

ஜாக்கி சரிந்தது. அண்ணனின் இடது கால் பாதித் தொடையோடு போயிற்று.

ஆஸ்பத்திரியில் கண் விழித்தவர், கட்டிலோரத்தில் அழுதுகொண்டிருந்த தம்பியைப் பார்த்து, “அடியில போய்ப் படுத்தது யாரு? நான்தானே,” என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு ஒரு நாள்கூட அவர் அதை எடுக்கவில்லை. நாலு பேர் பார்க்க ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் தம்பிக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். அறையை வாங்கிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்பார். இது அப்படியா? நெஞ்சில் மாட்டிய முள்ளாக வருஷக்கணக்கில் கிடந்தது.

இரண்டு வருஷம் நாயாய் அலைந்து ஒரு பழைய ஆட்டோமேட்டிக் பிக்கப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். கிளட்ச் கிடையாது, இரண்டே பெடல், வலது கால் ஒன்று போதும். அன்றிலிருந்து பத்தொன்பது வருஷம் அண்ணன் அந்த வண்டியில் பேக்கரியிலிருந்து கடை கடையாக ரொட்டித் தட்டுகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். வீட்டில் குளிக்கப் போனால்கூட ஒரு தோள் வேண்டும் அவருக்கு. அண்ணி காலமான பிறகு அந்தத் தோள் மகளுடையது. ஆனால் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திவிட்டால் அவர் ராஜா. யாரும் தாங்க வேண்டாம், யாரும் பிடிக்க வேண்டாம்.

அந்த வண்டியின் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்தான் ஒருநாள் நடுரோட்டில் உயிரை விட்டது. உள்ளே பல்லெல்லாம் தூளாகிக் கிடந்தது. கம்பெனி அந்தச் சாமானைச் செய்வதையே எப்போதோ நிறுத்திவிட்டது. தம்பி நாலு மாதம் பழைய இரும்புக் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்கினார். கிடைத்ததெல்லாம் அதே மாடல் வண்டியின் சாதாரண கியர்பாக்ஸ், கிளட்ச் வைத்தது. அண்ணன் அந்த நாலு மாதமும் ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் போகிற வண்டிகளின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அதையே மாட்டுடா,” என்றார் கடைசியில்.

“மாட்டினா நீங்க எப்படிண்ணே ஓட்டுவீங்க?”

“நீதான் பெரிய மெக்கானிக்காச்சே. நீ சொல்லு.”

தம்பி யோசித்துச் சொன்னார். மூன்றாவது பெடல் இருக்கட்டும், வேறு யாராவது ஓட்ட உதவும். அண்ணனுக்காக, கியர் கம்பியின் தலையில் பைக்குக்கு இருப்பதுபோல ஒரு பிடி. அமுக்கினால் கிளட்ச், அதே கையால் கியர். அண்ணன் முகத்தில் நாலு மாதமாகக் காணாத வெளிச்சம் வந்தது.

“அப்ப முதல்ல பிடியச் செய்டா.”

“பாக்ஸ் ஏறட்டும்ணே. பிடி அப்புறம்.”

வேலை ஆரம்பித்தது. அண்ணன் ஊன்றுகோல்களோடு பட்டறைக்கு வந்து உட்கார்ந்துகொண்டார். மகளும் தையல் கடைக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். காலடி விரிப்பைக் கிழித்துப் பார்த்தபோது, இன்ஜினுக்கும் காலடிக்கும் நடுவிலிருந்த தகரத்தில், கிளட்ச் பெடல் வர வேண்டிய இடத்தில் ஒரு வட்ட ஓட்டை; அதை ஒரு ரப்பர் மூடியால் அடைத்திருந்தான் கம்பெனிக்காரன். கிளட்ச் உள்ள வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும் ஒரே தகரம்தானே. அண்ணன் அந்த மூடியை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார்.

“என் காலுக்கு நேரா இருந்திருக்கு பாரு, இத்தனை வருஷமா,” என்று சொல்லிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஆட்டோமேட்டிக் வண்டி பார்க்கிங்கிலோ நியூட்ரலிலோ இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும். அதற்கான சுவிட்ச் பழைய பாக்ஸோடு போய்விட்டதால், தம்பி இரண்டு வயர்களின் முனையை முறுக்கி டேப் சுற்றிவிட்டார். கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும்படி பெடலுக்கடியில் ஒரு சின்ன சுவிட்ச் வைக்க வேண்டும். கால்மணி நேர வேலை. அப்புறம்.

மூன்றாம் நாள் மத்தியானம் புதுப் பாக்ஸ் ஏறியாயிற்று. சரியாக விழுகிறதா என்று பார்க்க முதல் கியரைப் போட்ட தம்பி, அதை எடுக்காமலே கிளட்ச் ஆயில் வாங்கக் கடைக்குப் போனார். வண்டிக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்து டார்ச் பிடித்துக்கொண்டிருந்த மகள், தண்ணீர் குடிக்கப் பின்பக்கம் போனாள். அண்ணனுக்கு ஆசை பொறுக்கவில்லை. இன்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டு நாலு மாதம் ஆகிறது. சீட்டில் ஏறினார், ஊன்றுகோல்களைக் கதவில் சாய்த்தார், பிரேக்கில் கால் வைக்காமலே சாவியைத் திருப்பினார். கியரில் இருந்தால் இந்த வண்டிதான் ஸ்டார்ட்டே ஆகாதே. பத்தொன்பது வருஷத்துப் பழக்கம்.

வண்டி முன்னால் பாய்ந்தது. முக்காலியை நசுக்கி, அதற்குப் பின்னாலிருந்த பட்டறை மேஜையைச் சுவரோடு அறைந்து நின்றது.

தம்பி ஓடி வந்தபோது, தண்ணீர்ச் சொம்போடு மகள் பின்வாசலில் நின்றாள். அண்ணன் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணாடி வழியே அந்த முக்காலி இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்பத்தான்டா எந்திரிச்சுப் போனா,” என்றார்.

“என் தப்புண்ணே. வயர முறுக்கி விட்டது நான்தான். கியர்ல விட்டதும் நான்தான்.”

“சாவியத் திருப்பினது யாரு? நான்தானே.”

இருபத்தொரு வருஷம் கழித்து அதே பேச்சு. தம்பி எண்ணெய்த் தரையில் அப்படியே உட்கார்ந்து, ஐம்பது வயது கடந்த ஆள் என்ற வெட்கமில்லாமல் அழுதார். அண்ணன் சாவியை உருவி மகள் கையில் வைத்தார்.

அன்று சாயங்காலமே சுவிட்ச் ஏறியது. அடுத்த இரண்டு நாளில் பிடியும் தயார். வாழ்க்கையில் முதல்முறையாக எதையும் தள்ளிப்போடாமல் தம்பி செய்த வேலை அது. அண்ணன் வந்து பார்த்தார், மூன்று நாலு தடவை அமுக்கிப் பார்த்தார்.

“பூ மாதிரி இருக்குடா.”

“ஒரே ஒரு ரவுண்டுண்ணே. நான் பக்கத்துலயே உக்காந்துக்கறேன்.”

“அப்புறம் பாத்துக்கலாம்,” என்றார் அண்ணன். கிண்டலாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் ஸ்டியரிங் பக்கம் போகவேயில்லை. அந்தப் பிடியில் இப்போது மகள் தன் தலைமுடி ரப்பர் பேண்டை மாட்டி வைக்கிறாள்.

முதல் நாள் ரொட்டி ஏற்றிக்கொண்டு கிளம்பியபோது மூன்று பேரும் போனார்கள். ஓட்டப் பழகி லைசென்ஸ் வாங்கியிருந்த மகள் ஓட்டினாள். நடுவில் உட்கார்ந்தால் ரோடு நன்றாகத் தெரியும் என்று அண்ணன் நடுவில் உட்கார்ந்தார். எங்கேயாவது சத்தம் வருகிறதா என்று கேட்கத் தம்பி ஜன்னலோரம் ஒட்டிக்கொண்டார். சின்ன சீட்டு, தொடையோடு தொடை உரசியது.

முதல் திருப்பத்தில் மகள் கிளட்சை மிதித்தாள். மடித்து ஊக்குக் குத்திய பேன்ட்டுக்குள் அண்ணனின் பாதித் தொடை இறுகி, தம்பியின் தொடையை அழுத்தியது. தற்செயல் என்று நினைத்தார் தம்பி. அடுத்த கியருக்கு அவள் மிதித்தபோது மறுபடி இறுகியது. அவள் வெடுக்கென்று காலை எடுத்ததும் வண்டி குலுங்கியது.

“கிளட்ச மெதுவா விடும்மா,” என்றார் அண்ணன், ரோட்டை விட்டுக் கண்ணெடுக்காமல். தம்பியின் தொடைமேல் அந்த அழுத்தம் மெதுவாக, மிக மெதுவாகத் தளர்ந்தது.