மாமாவின் ஆம்ப்ளிஃபயரில் கேட்ட ‘டப்’

வால்வு ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் செய்கிறவன் ஒரு கையைப் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டுதான் வேலை பார்க்கணும். உள்ளே இரண்டாயிரம் வோல்ட், இரண்டு கையையும் விட்டால் ஒரு கையில் ஏறி நெஞ்சைத் தாண்டி மறு கையில் இறங்கும். பார்க்கிறவர்களுக்கு இது தெரியாது. பையன் ஸ்டைலாக நிற்கிறான் என்பார்கள்.

இந்த மாதிரிப் பெட்டிகளோடு மாரடிக்கிற உங்களுக்காக ஒரு சிரிப்பு வைத்திருக்கிறேன். ஆனால் இப்போது தரமாட்டேன். முதலில் என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள்.

என் அக்கா வீட்டுக்காரர், அதாவது மாமா, பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிறவர். முன்கட்டில் தறி, பின்அறையில் ஹாம் ரேடியோ. புயலில் செல்போன் டவரெல்லாம் படுத்துவிட்டால் ஊருக்கு ஊர் சேதி சொல்ல லைசென்ஸ் வாங்கி வைத்திருக்கிறார்களே, அந்தக் கூட்டத்தில் ஒருத்தர். இந்த மழைக்காலத்துக்கு எங்கள் பக்கத்துச் சேதியையெல்லாம் வாங்கி அனுப்புகிற கன்ட்ரோல் ஸ்டேஷன் காஞ்சிபுரமா, வாலாஜாபாத்தா என்று போட்டி. ஞாயிற்றுக்கிழமை ஒத்திகையில் யார் குரல் நன்றாக எட்டுகிறதோ அவருக்கு. அதற்குப் பத்து நாள் இருக்கும்போது, குரலைத் தூரத்துக்குத் தள்ளுகிற மாமாவின் ஆம்ப்ளிஃபயர் ‘டப்’ என்று ஒரு சத்தம் போட்டு, ஃபியூஸைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொண்டது.

டிப்ளமோ எலக்ட்ரானிக்ஸ் இரண்டாம் வருஷம் படிக்கிற நான் ஸ்க்ரூ டிரைவரோடு போனேன். எனக்கு இன்னொரு வேலையும் தெரியும்: எந்தக் குரலையும் அப்படியே பேசுவேன். பிரின்சிபால், பஸ் கண்டக்டர், மிக்ஸி, குக்கர் விசில். அதனால்தான் நான் நிஜம் சொன்னாலும் ஒருத்தரும் நம்புவதில்லை.

வாலாஜாபாத் வைத்தியம்

பெட்டியைத் திறக்கும் முன்னாலேயே மாமா போன் போட்டது யாருக்கு? போட்டியில் நிற்கிற வாலாஜாபாத் தணிகாசலம் சாருக்கு. அவர் டிக்டேஷன் கொடுக்கிற மாதிரி இழுத்துப் பேசுவார். “வால்வு… போயிருக்கும்… தம்பி…” பெட்டியைப் பார்க்கலை, மீட்டரைப் பார்க்கலை, போனிலேயே கேஸ் முடிந்தது.

வால்வு பல்பு மாதிரி நன்றாக எரிகிறது, மீட்டரில் கரென்ட் அளவாக நிற்கிறது, ட்யூனிங் குமிழைத் திருகும்போது மட்டும்தான் டப் என்று நான் தலைபாடாக அடித்துக்கொண்டேன். மாமா கேட்கலை. சென்னையிலிருந்து வேறு வால்வு வந்தது, மாட்டினார், குமிழைத் திருகினார், டப். “வந்ததும்… டூப்ளிகேட்டா… இருக்கும்…” என்றார் சார். எனக்கு வந்த கோபத்தில் அவர் குரலிலேயே நாலு வார்த்தை பேசினேன். மாமா முறைத்தார்.

“அவரு முப்பது வருஷமா வால்வு பாக்கறாரு. நீ பொறந்தே பதினேழு வருஷந்தான் ஆவுது மச்சான்.”

அணைத்து வைத்த பெட்டி

சென்னை வால்வு வந்து சேரும் முன்னாலேயே, மூன்றாம் நாள், எதிர்வீட்டு மல்லிகா அக்கா ரிமோட்டும் கையுமாக வந்து நின்றார். எங்கள் பெட்டியால் அவர் டிவியில் மனுஷங்க முகமெல்லாம் கட்டம் கட்டமாக வருகிறதாம். தெருவில் ஃபேன் சுத்தலைன்னாலும் நாங்கள்தான், தண்ணி மோட்டார் இழுக்கலைன்னாலும் நாங்கள்தான். கையோடு உள்ளே கூட்டிப்போய்க் காட்டினேன். மூடி கழற்றிக் கிடக்கிறது, வால்வு கட்டில்மேல் இருக்கிறது, பிளக்கை எடுத்து அவர் கையிலேயே கொடுத்தேன். மூணு நாளாகச் செத்துக் கிடக்கிற பெட்டி அக்கா, இது எப்படி உங்கள் டிவியைக் கெடுக்கும்?

பிளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஆஃப் பண்ணி வெச்சே இவ்ளோன்னா, ஆன் பண்ணா தெரு தாங்குமாப்பா?”

சாமிக்குச் சாத்துற ஜரிகை

செவ்வாய்க்கிழமை மாமா நூல் வாங்கப் போன நேரத்தில் நானே பெட்டியில் உட்கார்ந்தேன். பிளக்கைப் பிடுங்கி, கால்மணி நேரம் பொறுத்து, எர்த் ஒயர் கட்டின குச்சியால் தொட்டுத் தொட்டு உள்ளே மிச்சம் இருந்த வோல்ட்டை இறக்கினேன். ஒரு கை பாக்கெட்டில். டார்ச் அடித்து, குமிழோடு சேர்ந்து திரும்புகிற ட்யூனிங் கண்டென்சரைப் பார்த்தால், அடுக்கடுக்கான தகடுகளுக்கு நடுவில் தங்கமாக மின்னுகிறது ஒரு இழை. ஜரிகை. அரை விரல் நீளம். இரண்டு பக்கத்துத் தகட்டிலும் கரி.

எப்படி வந்தது என்று யோசிக்கவே வேண்டாம். வால்வு சூடு தணிய பின்பக்கத்தில் ஒரு ஃபேன் காற்றை உள்ளே இழுக்கிறது. அந்த ஃபேனுக்கு ஒரு முழம் தள்ளி ராட்டையைப் போட்டுக்கொண்டு அக்கா ஜரிகை சுற்றுகிறாள். அறுந்த துண்டெல்லாம் தரையில். பட்டு நூல் போனால் தூசி. ஜரிகையில் தங்க முலாமுக்குக் கீழே வெள்ளி, அது ஒயர் மாதிரி. இரண்டாயிரம் வோல்ட்டுக்குப் பாலம் போட்டால் டப் என்னாமல் என்ன செய்யும்?

மாமா வந்ததும் இடுக்கியில் பிடித்துக் காட்டினேன். பாராட்டுவார் என்று நினைத்தேன், பைத்தியக்காரன். அவர் ஜரிகையைக் குற்றம் சொன்னால் அவரையே சொன்ன மாதிரி. ராட்டையை முன்கட்டுக்கு மாற்றுங்கள் என்றதற்கு முகமே கறுத்துவிட்டது.

“நம்ம வூட்டு ஜரிகை சாமிக்கே சாத்துறதுடா. அது பொட்டிக்குள்ள பூந்து திருட்டு வேல பண்ணுமா? நீயே போட்டு நீயே எடுத்திருப்ப.”

டப்

நானே போட்டேனாம். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இவ்வளவும்.

ஜரிகையை எடுத்தபிறகு பெட்டி சுத்தம், ஒரு குறையும் இல்லை. ஆனால் ராட்டை அங்கேயே இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் இன்னொரு துண்டு உள்ளே போகும், கன்ட்ரோல் ஸ்டேஷன் வாலாஜாபாத்துக்குப் போகும். சொன்னால் கேட்காத ஆளுக்கு எப்படிச் சொல்வது? பெட்டியின் குரலிலேயே சொன்னேன்.

நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, கன்னத்தை உப்பி, பட்டென்று விடணும். புதன்கிழமை மாமா குமிழைத் தொட்டார். ராட்டை சுற்றிக்கொண்டிருந்தது. டப். மாமா நாற்காலியோடு பின்னால் போனார். அக்கா சாப்பிட எழுந்து போனதும் தொட்டார், சத்தம் இல்லை. அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள், டப். இரண்டு நாள் இப்படியே. ஃபியூஸ் போகலை, மீட்டர் முள் அசையவே இல்லை. சத்தம் கேட்டால் முள்ளைப் பார்க்கணும் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். மாமா ராட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், முள்ளை மட்டும் பார்க்கலை.

அக்காவுக்கு என் கன்னத்தைச் சின்ன வயசிலிருந்தே தெரியும். பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்.

“இந்த ரூம்ல ஒரே புழுக்கமா இருக்குதுடா. பொட்டிய இன்னொரு தபா கத்தச் சொல்லு.”

கண்டுபிடித்தவர் யார்

வெள்ளிக்கிழமை ராட்டை முன்கட்டுக்குப் போனது. அறையைப் பெருக்கித் துடைத்தாயிற்று. நானும் வாயை மூடிக்கொண்டேன். பெட்டி பூனைக்குட்டி மாதிரி உறுமிக்கொண்டு ஓடியது. மாமா உடனே வாலாஜாபாத்துக்குப் போன் போட்டார். நான் பக்கத்திலேயே, ஒரு கை பாக்கெட்டில், நிற்கிறேன்.

“வால்வெல்லாம் இல்ல சார், ஜரிகை. ரெண்டு நாளா ஒக்காந்து கவனிச்சிக்கினே இருந்தேன், நானேதான் புடிச்சேன். பையனுக்கு இன்னா தெரியும்.”

பிளக்கு

ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு ஒத்திகை. காஞ்சிபுரம் பேசினது கடலூர் வரைக்கும் எட்டியது. ஒத்திகை நடத்தினவர், மழைக்காலம் முடிகிற வரைக்கும் காஞ்சிபுரமே கன்ட்ரோல் என்று சொல்லிவிட்டார். “வாழ்த்துகள்… தம்பி…” என்று தணிகாசலம் சாரும் ரேடியோவில் வந்தார். மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கொஞ்சம், யார் கண்டுபிடித்தது என்று அப்போது பாகம் பிரிக்க மனசில்லை.

ஒத்திகை முடிந்ததும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பெட்டியைத் துடைக்கத் துணி எடுத்தார். துடைத்துக்கொண்டே முன்கட்டைப் பார்த்து, “அதான் ஜெயிச்சாச்சே, ராட்டைய தூக்கியா உள்ள” என்றார். அக்கா உள்ளே வந்து வழக்கமான இடத்தில், அந்த ஃபேனுக்கு நேராகவே, அதை வைத்தாள். மழைக்காலம் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. என்ன அநியாயம் இது? எனக்கு ஆத்திரத்தில் வேறு எதுவும் தோன்றலை. மாமாவின் துணி குமிழில் பட்டது. டப்.

வழக்கம்போலத் துள்ளிப் பின்னால் போனார். வழக்கம்போல ராட்டையைப் பார்த்தார். அது சுற்றவில்லை. அப்புறம் தன் இடது கையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அக்கா புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு முன்கட்டுக்கு ஓடினாள்.

“ஏன் மச்சான், பிளக்கு என் கையில இருக்குதே?”

பத்து நாள் தேடி மாமா உண்மையிலேயே தானாகக் கண்டுபிடித்த ஒரே ஃபால்ட் நான்தான், அதற்கு மாற்றுப் பார்ட் சென்னையிலும் கிடைக்காது என்பது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.