ஒன்பதாவது விடைத்தாள்

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஆகஸ்ட் மாதம். பெரம்பலூர் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். ஆராய்ச்சி மாணவி ஒருத்தி வந்து பன்னிரண்டு கணக்கு விடைத்தாள்களைக் கொடுத்தாள். மதிப்பெண்ணோடு ஆளுக்கு ஒரு வரி கருத்தும் எழுத வேண்டுமாம். எதற்கு என்றேன். “திருத்தி முடிங்க மேடம், அப்புறம் சொல்றேன்” என்றாள். டீ குடித்தபடியே திருத்திக் கொடுத்தேன்.

அடுத்த வாரம் வந்தவள் மூன்றாவது தாளையும் ஒன்பதாவது தாளையும் என் முன்னால் வைத்தாள். கையெழுத்துதான் வேறு, விடைகள் வரிக்கு வரி ஒன்றே; அவளே வேண்டுமென்று அப்படித் தயாரித்தவை. இரண்டிலும் நடுவில் சில படிகள் இல்லை. மூன்றாவதில் பையன் பெயர், ஒன்பதாவதில் பெண் பெயர். பையனுக்கு ‘படிகளைத் தாண்டி யோசிக்கிறான், மூளைக்காரன்’ என்று எழுதியிருந்தேன். பெண்ணுக்கு ‘மனப்பாடம், நடுவில் மறந்துவிட்டாள்’. மதிப்பெண்ணும் குறைவு.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, அவள் மேல். என்னை ஏமாற்றிவிட்டாயே என்று எகிறினேன். ‘பொட்டப்புள்ளைக்குக் கணக்கு எதுக்கு’ என்ற சொந்தக்காரர்களோடு மல்லுக்கட்டிப் படித்தவள் நான். ஸ்டாஃப் ரூமில் எந்த சாராவது அப்படிப் பேசினால் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவேன். என்னிடமா இந்த விளையாட்டு!

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் குரும்பலூர்ப் பெண்ணின் ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின வருடம் என்னிடம் பத்தாவது படித்தவள். கணக்கில் தொண்ணூற்றுக்கு மேல். அவளும் படிகளை விட்டுவிட்டு விடையை மட்டும் எழுதுவாள். பதினொன்றாவதில் எந்த குரூப் என்று கேட்க, மக்காச்சோளக் காட்டிலிருந்து அப்படியே வந்திருந்தார் அவள் அப்பா. “மனப்பாடம் பண்ணி வாங்கின மார்க்குங்க. கணக்கு குரூப் தாங்காது, காமர்ஸ்ல போடுங்க” என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போய், எங்கள் பள்ளியிலேயே அவளைக் காமர்ஸில் சேர்த்தார்.

மறுநாளே தலைமையாசிரியரிடம் போய் நின்றேன். காலாண்டுத் தேர்வுக்குள் என்றால் மாற்றலாம், வீட்டில் சம்மதிக்கட்டும் என்றார். ஓடிப்போய் அவளை வகுப்புக்கு வெளியே கூப்பிட்டு, நான் சொன்னது தப்பு, கணக்கு குரூப்புக்கு வந்துவிடு என்றேன்.

அவள் மிரண்டுபோய்ப் பார்த்தாள். “வேணாம் மிஸ். எனக்குத்தான் கணக்கு வராதே. அதுல சேர்ந்தா ஃபெயிலாயிடுவேன்.”

முந்தின வருடம் கரும்பலகையில் எனக்கு முன்பே விடை கண்டுபிடித்தவள் சொல்கிறாள் இதை! எவ்வளவோ பேசிப் பார்த்தேன். அவள் அப்பாவும், “புள்ள பயப்படுது டீச்சரம்மா. நீங்க மொதல்ல சொன்னதே இருக்கட்டுங்க” என்று முடித்துவிட்டார். அவள் காமர்ஸிலேயே படித்து முடித்துப் போனாள்.

இப்போதெல்லாம் பெயர் இருக்கும் இடத்தை மடித்துவிட்டுத்தான் விடைத்தாள் திருத்துகிறேன். ஆனால் நான் திருந்தியது அவளுக்கு உதவவில்லை. தனக்குக் கணக்கு வராது என்று அந்தப் பெண் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள், சொன்னது நான் என்பதால்.