அத்தானுக்குப் போர்த்திய பொன்னாடைகள்

பேக்கரியில் வேலை முடிந்து காரில் ஏறியதும் அத்தான் தலையிலிருந்த வலையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் திணிப்பார். பின் சீற்றில் கிடக்கும் கௌபோய் தொப்பியை எட்டி எடுத்து, கண்ணாடியைப் பார்த்துச் சற்றுச் சாய்த்து வைப்பார். சனிக்கிழமைகளில் அவரைப் பாட்டுப் பாடப் பார்க்டேலுக்கு ஏற்றிப்போவது என் தலையில் விழுந்த வேலை. அவருக்கு லைசென்ஸ் இல்லை, என் அக்காவுக்கு மனம் இல்லை. "உந்தக் கோலத்தோட தமிழாக்கள் ஆரும் கண்டால் என்ன நினைப்பினம், அத்தான்?" என்று ஒருநாள் எரிச்சலில் கேட்டுவிட்டேன். "கிழமை முழுக்க முதலாளி தந்ததைத் தலையிலை போடுறன். ஒருநாள் எனக்குப் பிடிச்சதைப் போட்டால் என்ன குறைஞ்சுபோகும், பிள்ளை?" என்றார்.

கனடாவுக்கு அகதியாக வந்த புதிதில் பார்க்டேலில் ஒரு பாருக்கு மேலே அறை எடுத்திருந்தாராம். கீழே ஒரு வெள்ளைக்காரர் கௌபோய் தொப்பியும் கிற்றாருமாகக் கன்ட்ரி பாட்டுப் பாடுவார். அத்தான் ஆங்கிலம் படித்ததே தரை வழியாக ஏறி வந்த அந்தப் பாட்டுகளில்தான். பிறகு அதே பாரில் தானும் பாடத் தொடங்கினார். கேட்க ஏழெட்டுப் பேர், அதிலும் பாதிப் பேருக்குக் கண் ரீவியில் ஓடும் ஹொக்கி மச்சில். "நடந்ததை நடந்தமாதிரிச் சொல்லுறதுதான் பாட்டு. சும்மா மெழுகக் கூடாது" என்பார். பேர் எடுக்கிற ஆசை இல்லையா என்றால், "பேர் வந்தால் பேரைத்தான் பாப்பினம். பாட்டை ஆர் கேக்கிறது?" என்பார். எல்லாம் சாட்டு என்று நினைத்துக்கொள்வேன்.

அக்கா ஒருநாளும் கேட்க வந்ததில்லை. கூத்தாடியைக் கட்டினேன் என்று சொல்லிச் சலித்துக்கொள்வாள். அவரோ தமிழில் ஒரேயொரு பாட்டு எழுதினார், அதுவும் அவளுக்காக. கலியாணமான கையோடு அவர் கனடா வந்துவிட, அக்கா யாழ்ப்பாணத்தில் தனியே காத்திருந்தாள். இடையில் ஒரு காலம் அவரிடமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. ஏன் என்று அவள் கேட்டதுமில்லை, அவர் சொன்னதுமில்லை. காரணத்தை அந்தப் பாட்டில்தான் சொல்லியிருந்தார். நேரே சொல்லுங்கோவன் என்றேன். "வாய் வராது, பிள்ளை. கிற்றார் கையிலை இருந்தால் வரும்."

அந்தப் பாட்டைப் பாட ஊர்ச்சங்க ஒன்றுகூடலில் இடம் கொடுத்தார்கள். அக்கா பட்டுச்சேலை கட்டி முன்வரிசையில் இருந்தாள். அத்தான் குஞ்சம் வைத்த தோல் ஜக்கெற்றோடு மேடை ஏறினார். எங்கள் ஆட்களைப் பற்றித் தெரியாதா? பாட விடுவதற்கு முன் கௌரவிக்க வேண்டுமே! தலைவர் பேசிப் பொன்னாடை போர்த்தினார். செயலாளர் தானும் பேசிப் போர்த்தினார். வீடு விற்பவர், இன்சூரன்ஸ்காரர், ஊர்ப்பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் என்று வரிசை நீண்டது. கிற்றார் பொன்னாடைகளுக்கு அடியில் மறைந்தே போனது. அதற்குள் ஹோலை அடுத்து வாடகைக்கு எடுத்த பிறந்தநாள்காரர் பலூன்களோடு வாசலில் வந்து நின்றுவிட்டார்கள். "நேரமின்மையால் பாடல் அடுத்த முறை" என்று மைக்கில் சொல்லிக் கை தட்டச் சொன்னார்கள். எல்லோரும் தட்டினார்கள். அக்காவும்தான்.

திரும்பும்போது அக்கா பொன்னாடைகளை மடியில் வைத்துத் தடவியபடி வந்தாள். "இண்டைக்குத்தான் என்ர மனம் நிறைஞ்சுது. உவரை இவ்வளவு பேர் மதிக்கினம் எண்டு எனக்குத் தெரியாமல் போச்சே!" என்றாள். வீட்டில் இறங்கியதும் அத்தானைப் பிடித்துக்கொண்டேன். "இப்பவாவது அவவுக்குப் பாடிக்காட்டுங்கோ." அவர் ஜக்கெற்றைக் கழற்றிக்கொண்டே, "அவளின்ர மனம் நிறைஞ்சிட்டுதாம். அதைப்போய் ஏன் குழப்புவான்?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதன்பின் அவர் பார்க்டேல் பக்கம் போகவில்லை. இப்போது பக்கவாதம் வந்து பேச்சும் போய்விட்டது. அக்காவும் நானும் முறைவைத்துக் கழுவித் துடைக்கிறோம். களைத்துப்போனோம், அதை மறைப்பானேன். போன கிழமை அவருக்குச் சூப் பருக்கிக்கொண்டிருந்த அக்கா, திடீரென்று, "அண்டைக்கு உவர் என்ன பாட்டுப் பாட இருந்தவர்?" என்று கேட்டாள்.

"உங்களைப் பற்றித்தான், அக்கா. ஏன் அந்தக் காலத்திலை உங்களுக்குக் கடிதம் ஒண்டும் எழுதேல்லை எண்டு."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு கதிரையை இழுத்துப்போட்டு அவருக்கு எதிரே, முழங்கால் முட்ட இருந்தாள்.

"இஞ்சாருங்கோ, இப்ப ஒருத்தரும் வரமாட்டினம். நேரம் கிடக்கு. பாடுங்கோ."

அத்தானின் உதடு ஒரு பக்கமாக அசைந்தது. அக்கா காதைக் கொண்டுபோய் அந்த வாயருகில் வைத்தாள்.